யுனிவர்சல் ஜாயிண்டும் அதன் கிரீஸும்

பின்சக்கரங்களை உந்தி ஓடுகிற பாரவண்டியில், சட்டத்தோடு இறுக்கிப் பூட்டப்பட்டு முன்புறத்தில் உட்கார்ந்திருக்கும் இஞ்சினிலிருந்து, ஸ்பிரிங் பட்டைகளின்மேல் ஒவ்வொரு பள்ளத்துக்கும் மேட்டுக்கும் இறங்கியும் ஏறியும் வருகிற பின்னச்சுக்குச் சுழற்சியை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது, மோட்டார் வண்டி பிறந்த நாள்தொட்டே யந்திர நிபுணர்களை வருத்திய சிக்கல். விறைப்பான இரும்புத் தண்டு அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்காமல் ஒடிந்துபோகும். தாங்கும்படி இளக்கமாகச் செய்தாலோ, பாரத்தை இழுக்க வேண்டிய முறுக்குவிசையை அது கடத்தாது. வளைய வேண்டும், வளைந்தபடியே சுழல வேண்டும், சுழன்றபடியே ஒரு வண்டிச் சரக்கின் பளுவையும் இழுக்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றுகிற உறுப்புதான் யுனிவர்சல் ஜாயிண்ட். நம் பட்டறைகளில் சுருக்கமாகக் கிராஸ் என்று சொல்லிவிடுவார்கள். இந்த மூட்டை யோசித்துக் கண்ட அறிஞர்களின் பெயர்கள் பாடப் புத்தகங்களில் ஏறிவிட்டன. ஆனால் அதன் மெய்யான சரித்திரம், அதற்குள் கிரீஸைச் செலுத்தி, செலுத்திய கிரீஸ் வெளியேறாமலும் வெளியிலுள்ள புழுதி உள்ளே போகாமலும் காப்பதற்காக மனிதர் பட்ட பாட்டில் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் உறுப்பின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். முன்தண்டின் முனையில் இரு கரங்கள் விரிந்த யோக் ஒன்றும், பின்தண்டின் முனையில் அதற்குக் குறுக்காக மற்றொரு யோக்கும் இருக்க, அவ்விரண்டுக்கும் நடுவே கூட்டல் குறியின் வடிவத்தில் ஓர் எஃகுத் துண்டு பொருந்தியிருக்கும். அதன் நான்கு முனைகளின்மேலும் நான்கு கப்புகள் கவிந்திருக்கும். ஒவ்வொரு கப்புக்குள்ளும், முனையைச் சுற்றிலும் நெருக்கமாக, மெல்லிய ஊசி உருளைகள் வரிசைகட்டி நிற்கும். சாதாரண பேரிங் ஒன்று முழுச் சுற்றாகச் சுழல்வதால் தன் கிரீஸைத் தானே எல்லாப் பக்கமும் பரப்பிக்கொள்ளுகிறது. கிராஸின் ஊசிகளுக்கு அந்த வசதி இல்லை. தண்டு நிமிஷத்துக்கு 2,000, 3,000 சுற்று சுழன்றாலும், ஊசிகள் தாம் நிற்கும் இடத்திலேயே சில பாகை அளவு முன்னும் பின்னும் அசைந்துகொடுப்பதோடு சரி. ஒரே இடத்தில், ஒரே பளுவின்கீழ், லக்ஷக்கணக்கான தடவை இப்படி அசைகிறபோது இடையிலுள்ள கிரீஸ் சிறிது சிறிதாகப் பிதுங்கி விலகிவிடும். விலகியது தானாகத் திரும்பி வருவதற்கு வழியே கிடையாது. அதன் பிறகு உலோகம் உலோகத்தைத் தேய்க்கும். தேய்ந்த துகள் துருவாகி, செந்நிறப் பொடியாகக் கப்பின் விளிம்பில் படியும். அப்படிப்பட்ட கிராஸைக் கழற்றித் துடைத்துப் பார்த்தால், வழவழப்பாக இருக்கவேண்டிய முனைகளில் ஊசிகளின் தடங்கள் வரிவரியாகப் பதிந்திருக்கும். விரலை ஓட்டினால் ஒவ்வொரு வரியும் நகத்தில் தட்டும்.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. தண்டு எவ்வளவு நேராக இருக்கிறதோ அவ்வளவுக்கு மூட்டு நீடித்து உழைக்கும் என்று எவருக்கும் தோன்றும். உண்மையிலோ, முற்றிலும் நேர்கோட்டில் அமைந்துவிட்ட தண்டில் ஊசிகள் அசைவே இல்லாமல் ஒரே புள்ளியில் அழுத்தி நின்று குழி பறித்துவிடுகின்றன. ஆகையால் வண்டியை வடிவமைப்பவர்கள், அதிகமான சாய்வைத் தவிர்ப்பதுபோலவே, சாய்வில்லாமையையும் தவிர்த்து, ஒரு பாகையேனும் வேண்டுமென்றே வைத்துவிடுவார்கள்.

இந்த மூட்டின் பூர்வோத்தரம் மோட்டார் வண்டிக்கு வெகுகாலம் முந்தியது. ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, எப்படிப் புரட்டினாலும் நெருப்புக் கொட்டாத தூபக்கலம் ஒன்றைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் சீனத்தின் டிங் ஹுவான் செய்தார். கப்பலின் திசைகாட்டியும் விளக்கும் கடலின் ஆட்டத்தில் கவிழாமலிருந்ததும் இதே உபாயத்தால்தான். இத்தாலியில் மருத்துவராகவும் கணித மேதையாகவும் விளங்கிய ஜெரோலாமோ கார்டானோ, 1550-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் பெருநூலில் இதை விவரித்தார். தாமே கண்டுபிடித்ததாக அவர் உரிமை பாராட்டவில்லை என்றாலும், ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இன்றளவும் இந்த மூட்டை அவர் பெயராலேயே அழைத்து வருகிறார்கள். 1664-இல் காஸ்பர் ஷாட் என்ற ஜெர்மன் பாதிரியார், இதன் வழியே சுழற்சி எந்த மாறுதலுமின்றிச் சீராகக் கடந்து செல்வதாக எழுதிவைத்தார்.

அது சரியல்ல என்று கண்டவர் லண்டனில் ராயல் சொஸைட்டியின் சோதனைகளை நடத்திவந்த ராபர்ட் ஹூக். வளைந்து நிற்கும் மூட்டின் வழியே சென்ற சுழற்சி, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடி, இரண்டு தடவை வேகம் குறைகிறது என்பதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். வளைவு 10 பாகையானால் வேறுபாடு சுமார் ஒன்றரை சதவீதந்தான். 30 பாகையானாலோ சுமார் 13 சதவீதம் குறைந்தும் 15 சதவீதம் கூடியும் தண்டு தவித்துச் சுழலும். பிறர் குற்றமென்று ஒதுக்கியிருக்கக்கூடிய இந்தச் சீரின்மையையே ஹூக் ஒரு குணமாக எடுத்துக்கொண்டார். சூரிய கடிகாரத்தின் தட்டில் நிழல் மணிக்கு மணி சமமான அளவு நகர்வதில்லை. அந்த நிழலின் ஏற்றக்குறைவும் மூட்டின் ஏற்றக்குறைவும் கணிதத்தில் ஒன்றே என்று உணர்ந்து, நிழலைப் பின்தொடரும் கருவிக்கு மூட்டைப் பயன்படுத்தலாம் என்றார். சூரியனைப் பார்ப்பதற்கான கருவியாகிய ஹீலியோஸ்கோப்பைப் பற்றி 1676-இல் வெளிவந்த அவருடைய நூலில்தான் யுனிவர்சல் ஜாயிண்ட் என்ற பெயர் முதன்முதலாக அச்சில் ஏறியது. ஒரு மூட்டு உண்டாக்கிய ஏற்றக்குறைவை அதற்கு இணையான மற்றொரு மூட்டு ஈடுசெய்துவிடும் என்பதையும் அவர் கண்டிருந்தார். இன்றைக்கும் லாரியிலாகட்டும் பிக்கப் வண்டியிலாகட்டும், தண்டின் இரு முனையிலும் கிராஸ் வைத்து, இரண்டு யோக்குகளையும் ஒரே தளத்தில் நிறுத்துவதற்குக் காரணம் அதுவே. தண்டை உருவுவதற்கு முன்பாக மெக்கானிக் உளியால் இரு பக்கமும் ஒரு புள்ளி குத்தி அடையாளம் செய்துகொள்ளுகிறாரே, அந்தப் புள்ளியில் ஹூக்கின் கணக்கு அடங்கியிருக்கிறது. அடையாளத்தை மறந்து பல் மாற்றிச் செருகிவிட்டால், புதுக் கிராஸ் போட்டும் வண்டி அதிரும்.

தூபக்கலத்துக்கும் திசைகாட்டிக்கும் ஹூக்கின் கருவிகளுக்கும் கிரீஸ் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. கைவேகத்தில், நிழலான அறையில், எடையேதும் சுமக்காமல் அசைகிற மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். பளுவும் வேகமும் தெருப்புழுதியும் சேர்ந்துகொண்ட காலத்தில்தான் சங்கடம் பிறந்தது. ஆரம்பகால மோட்டார்களில் பெரும்பாலானவை சைக்கிளைப்போலச் சங்கிலியால் ஓடின. சங்கிலி சேற்றை வாரிக்கொள்ளும், நீளும், இரையும், அறுந்தும் போகும். 1898-இல் பிரான்ஸில் லூயி ரெனோ தம் சிறிய வண்டியில் சங்கிலியை நீக்கிவிட்டுத் தண்டின் வழியாகவே சக்தியைச் செலுத்திக் காட்டினார். தண்டு வந்ததும் மூட்டு வேண்டியதாயிற்று. ஆனால் அன்றைய மூட்டுகள் வண்டியின் அடியில் திறந்து கிடந்தன. ஊற்றிய எண்ணெய் சுழற்சியின் வேகத்தில் சிதறி ஓடியது. ஓடிய எண்ணெயின் இடத்தில் மணல் வந்து உட்கார்ந்தது.

இந்த நிலைமையில்தான் கிளாரன்ஸ் ஸ்பைஸர் வருகிறார். 1875-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்து எடல்ஸ்டைன் என்ற சிற்றூரில் பிறந்த அவர், கார்னெல் சர்வகலாசாலையில் யந்திரக் கல்வி பயிலும்போது, தம் கையாலேயே ஒரு மோட்டார் வண்டியைக் கட்டத் தொடங்கி, சங்கிலி வேண்டாம் என்று தீர்மானித்து, தண்டுக்குத் தகுதியான மூட்டைத் தேடினார். 1903-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவருக்குக் கிடைத்த காப்புரிமையை நான் இந்தச் சரித்திரத்தின் திருப்புமுனையாகக் கருதுகிறேன். மூட்டு பழையது, அதற்கு உரிமை கேட்க யாருக்கும் இடமில்லை. ஸ்பைஸர் உரிமை பெற்றது மூட்டைச் சுற்றி மூடும் உறைக்கு. யோக்குகள் வளைவதற்கு வழிவிட்டு, ஆனால் உள்ளேயுள்ள மசகுக்கு வெளியே போகவும் வெளியேயுள்ள தூசுக்கு உள்ளே வரவும் வழிவிடாமல் அமைந்த உலோக உறை அது. 1904-இல் நியூஜெர்ஸியின் பிளெயின்ஃபீல்டு நகரத்தில், பாட்டர் அச்சுயந்திரத் தொழிற்சாலையின் ஒரு பகுதியில் உற்பத்தியை ஆரம்பித்தார். மறுவருஷம் அவர் பெயரிலேயே கம்பெனி ஏற்பட்டது. பணமுடை நேர்ந்த காலத்தில், 1914-இல், சார்லஸ் டேனா என்பவர் வந்து நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டார். ஸ்பைஸர் 1939-இல் காலமானார். 1946-இல் ஸ்தாபனம் டேனா கார்ப்பொரேஷன் என்று பெயர் மாறியபோதிலும், மூட்டுகளின் பெட்டிமேல் ஸ்பைஸர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. வெண்கலப் புஷ்கள் போய் ஊசி பேரிங்குகள் வந்ததும், இன்று நாம் காணும் கிராஸின் உருவம் அமைந்ததும் 1930-களின் மாறுதல்கள்.

உறை வந்துவிட்டது, உறைக்குள் கிரீஸைப் புகுத்துவது எப்படி? அக்காலத்து வண்டிகளில் ஒவ்வொரு மூட்டுக்கும் சிறு கோப்பை ஒன்று திருகப்பட்டிருக்கும். அதில் கிரீஸை அடைத்து, மூடியை அவ்வப்போது ஒரு சுற்று திருகினால் சிறிதளவு உள்ளே இறங்கும். வண்டிக்குச் சொந்தக்காரனோ ஓட்டுகிறவனோ தினந்தோறும் மண்ணில் முதுகை வைத்துப் படுத்துச் செய்தாக வேண்டிய காரியம் அது. செய்யாதவன் வண்டி நின்றுவிடும். கோப்பையின் திருகுக்கு அழுத்தமும் அதிகம் கிடையாது. பழைய கிரீஸ் இறுகிப்போயிருந்தால் புதியது உள்ளே நுழையாது. சிகாகோவில் வார்ப்படத் தொழிற்சாலை ஒன்றில், யந்திரங்களின் கோப்பைகளை நிரப்பி நிரப்பிச் சலித்த ஆர்தர் குல்போர்க் என்ற இளைஞர், உள்ளே போனதைத் திரும்பவிடாத வால்வு கொண்ட சிறு முனையையும் அதில் பூட்டி அழுத்துகிற கையடக்கமான கருவியையும் வகுத்தார். அலமைட் என்ற அந்தத் தொழிற்சாலையின் பெயரே முறைக்கும் பெயராகி, 1920-களில் அமெரிக்க வண்டிகளெங்கும் பரவியது. கருவியை ஒவ்வொரு முனையிலும் பூட்டிக் கழற்றும் சிரமத்தையும் நீக்கி, அழுத்தினால் போதும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தவர் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆஸ்கார் ஸெர்க். 1929-இல் அவருடைய காப்புரிமை பதிவாயிற்று. நிப்பிள் என்று வழங்கும், சுண்டுவிரல் நுனியளவுள்ள அந்த முனைக்குள் ஒரு சிறு குண்டும் அதைத் தாங்கும் ஒரு ஸ்பிரிங்குமே உண்டு. அழுத்தம் வரும்போது குண்டு விலகும். நின்றதும் வாயை அடைத்துக்கொள்ளும். நெம்புகோல் பூட்டிய கிரீஸ் கன்னை ஒரு சிறுவன் கையால் அடித்தாலும், சதுர அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு அழுத்தம் உண்டாகும். இறுகிக் கட்டிதட்டிய பழைய கிரீஸை வெளியே தள்ளும் சக்தி மனிதனுக்கு அப்போதுதான் கிடைத்தது.

கிரீஸுக்கும் தனியாக ஒரு கதை இருக்கிறது. வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டியின் அச்சுக்கு மை போட்டவர்களுக்கு, எண்ணெய் மட்டும் நிற்காது, அதைப் பிடித்து நிறுத்த வேறொன்று வேண்டும் என்பது தெரிந்திருந்தது. கிரீஸின் சூத்திரமும் அதுவே: எண்ணெயைப் பிடித்து வைத்திருக்க ஒரு சோப்பு. சுண்ணாம்புச் சோப்பில் செய்த கிரீஸ் தண்ணீருக்கு அசையாது, சூட்டில் உருகிவிடும். சோடியம் சோப்பில் செய்தது சூட்டைத் தாங்கும், தண்ணீரில் கரைந்துவிடும். ஆற்றைக் கடந்து வெயிலில் மலையேறுகிற வண்டிக்கு இரண்டுமே குறையுடையவை. 1942-இல் கிளாரன்ஸ் ஏர்ல் என்ற அமெரிக்கர் லிதியம் சோப்பில் கிரீஸ் செய்யக் காப்புரிமை பெற்றார். அது தண்ணீருக்கும் சூட்டுக்கும் ஒருங்கே ஈடுகொடுத்ததால், கிராஸுக்கு இன்றும் பெரும்பாலும் லிதியம் கிரீஸே அடிக்கப்படுகிறது. ஒருவகைச் சோப்பில் செய்ததன்மேல் வேறுவகையை அடித்தால், இரண்டும் சேர்ந்து நீர்த்து ஒழுகிவிடக்கூடும் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். நல்ல கிரீஸே போட்டும் கிராஸ் போய்விட்டதென்று வருந்துகிறவர்களில் சிலருடைய வருத்தத்துக்கு இதுவே காரணம்.

இனி மூட்டு பரவிய கதைக்குத் திரும்புவோம். ஃபோர்டு கம்பெனி 1925-இல் தன் மாடல் டி வண்டியின் பின்னால் தட்டு வைத்து, பிக்கப் என்ற பெயரோடு 281 டாலருக்கு விற்கத் தொடங்கியபோது, அதன் தண்டு ஒரு குழாய்க்குள் மறைந்து முன்புறம் ஒரே ஒரு மூட்டோடு ஓடியது. இருபுறமும் மூட்டு வைத்த திறந்த தண்டு, பாரவண்டிகளில் ஊன்றியதோடு, இரண்டாம் உலக யுத்தத்து ஜீப்பின் வழியே உலகமெல்லாம் பரவிற்று. நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப்புக்கு முன்னே ஒரு தண்டு, பின்னே ஒரு தண்டு. ஆகவே கிராஸ் நான்கு. அக்காலத்து வண்டிகளின் கைப்புத்தகங்கள் 1,000 மைலுக்கு ஒருமுறை அடிப்பகுதி முழுவதற்கும் கிரீஸ் அடிக்கச் சொல்லின. யுத்தம் முடிந்ததும் ராணுவம் விட்டுச்சென்ற வண்டிகள் இந்தியாவில் டிஸ்போஸல் ஏலத்தில் கைமாறின. 1947-இல் மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. நம்மூர் மெக்கானிக்குகளில் ஒரு தலைமுறையினர் கிராஸ் மாற்றக் கற்றுக்கொண்டது அந்த வண்டிகளின் அடியில்தான்.

லாரித் தொழிலால் வளர்ந்த நாமக்கல், சங்ககிரி பக்கத்துப் பட்டறைகளில் இந்தக் கல்வி குருகுல முறையில் நடந்தது. பையன் முதலில் கற்பது துடைப்பது. நிப்பிளின் தலையில் ஒட்டிய மண்ணைத் துணியால் துடைக்காமல் கன்னை வைத்தால், அந்த மண்ணே கிரீஸோடு சேர்ந்து ஊசிகளுக்கிடையே போய்விடும். துடைத்தபின் கன்னை நேராகப் பிடித்து மெதுவாக அடிக்க வேண்டும். முதலில் வருவது கருத்து நீர்த்த பழைய கிரீஸ்; சில சமயம் துருவின் செம்மையும் அதில் கலந்திருக்கும். நிறம் தெளிந்து புதுக் கிரீஸ் நான்கு கப்பின் ஓரத்திலும் எட்டிப்பார்க்கும்வரை அடிக்க வேண்டும். மூன்று கப்பில் வந்து நான்காவதில் வரவில்லையென்றால் வேலை முடிந்துவிட்டதாக நல்ல மெக்கானிக் எண்ணமாட்டார். தண்டைத் திருப்பி, யோக்கை ஆட்டி, அந்தக் கப்பின்மேல் இருக்கும் அழுத்தத்தை இளக்கி, மறுபடியும் அடிப்பார். ஏனெனில் கிராஸ் சாவது கிரீஸ் போகாத அந்த ஒரு கப்பினால்தான். தண்டு நீளவும் குறுகவும் இடந்தருகிற பல்வெட்டுக் குழாய்க்கும் ஒரு நிப்பிள் உண்டு. அதற்கு மட்டும் அளவாக அடிக்கவேண்டும், மிஞ்சினால் முனையிலுள்ள மூடி பிதுங்கித் தெறித்துவிடும்.

அனுபவசாலியான டிரைவர்கள் கிராஸின் நலத்தைக் காதாலேயே அறிவார்கள். வண்டி மெதுவாக நகரும்போது குருவி கத்துவதுபோல் கீச்சிட்டால் உள்ளே வறண்டிருக்கிறது; ரிவர்ஸிலிருந்து முன்கியருக்கு மாற்றும்போது டணக்கென்று ஓர் அடி கேட்டால் தேய்ந்தாயிற்று; வேகம் பிடிக்கப் பிடிக்கத் தரை அதிர்ந்தால் இனித் தாமதிப்பது ஆபத்து. ஓட்டத்தில் முன்கிராஸ் முறிந்து, தண்டின் முனை ரோட்டில் குத்தி நின்றால் வண்டியே தூக்கி எறியப்படும். பாரவண்டிகளில் தண்டின்கீழ் இரும்பு வளையம் ஒன்று மாட்டியிருப்பது அந்த விபத்துக்கு அஞ்சித்தான்.

1960-களிலிருந்து கார்க் கம்பெனிகள், ஆயுள் முழுதுக்கும் போதுமான கிரீஸை உள்ளே வைத்து மூடிய, நிப்பிளே இல்லாத கிராஸ்களைப் பெரிதும் போடத் தொடங்கின. ஸ்பைஸர் தொடங்கிய முயற்சியின் நிறைவு என்று இதைச் சொல்லலாம். அவர் விரும்பிய உறை இப்போது ஏறக்குறையப் பூரணமாகிவிட்டது. நிப்பிளுக்காகவும் கிரீஸ் போகும் பாதைக்காகவும் உட்புறத்தைத் துளையிட வேண்டாததால் கிராஸின் உடலும் வலுவாகிறது. இந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. நகரத்துத் தார் ரோட்டில் ஆபீஸுக்குப் போய்வருகிற வண்டிக்கு அது முற்றும் பொருந்தும். ஆனால் ஆற்று மணல் ஏற்றுகிற, நனைந்த கரம்பில் உருள்கிற, வெள்ளத்தில் அச்சு முழுகக் கடக்கிற பிக்கப்புக்கு எது பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஸீல் எவ்வளவு இறுக்கமானாலும் சூடான கப் திடீரென்று தண்ணீரில் முழுகிக் குளிரும்போது ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளுகிறது. நிப்பிள் இருந்தால் அன்று மாலையே கிரீஸ் அடித்து அந்த ஈரத்தை வெளியே தள்ளிவிடலாம், இல்லாவிட்டால் உள்ளே துருப்பிடிப்பதைத் தடுக்க எந்த வழியும் கிடையாது. இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. 1,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வண்டிக்கடியில் போனவன், கிரீஸ் மட்டும் அடித்துவிட்டு வருவதில்லை. பிரேக் குழாயில் கசிவு இருக்கிறதா, ஸ்பிரிங் பட்டையில் விரிசல் விட்டிருக்கிறதா, தண்டைக் கையால் பிடித்து ஆட்டினால் கிராஸில் ஆட்டம் தெரிகிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டே வந்தான். நிப்பிள் போனதோடு அந்தப் பார்வையும் போயிற்று. வண்டி நல்ல முறையில் ஓடுகிறவரை அடியில் யாருமே எட்டிப்பார்ப்பதில்லை.

கம்பெனி போட்ட மூடிய கிராஸ் தேய்ந்து மாற்றவேண்டி வரும்போது, கடைகளில் இன்றும் நிப்பிள் வைத்த கிராஸ் கிடைக்கிறது. கடினமான வேலைக்குப் போகும் வண்டியென்றால் அதையே கேட்டு வாங்குவது நல்லது. பூட்டும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. வண்டி முன்னோக்கி இழுக்கும்போது விரியும் பக்கமாக நிப்பிளின் துளை இருந்தால் அங்கிருந்து விரிசல் பிறக்கும். ஆகையால் அழுத்தம் படுகிற பக்கமாக நிப்பிளைத் திருப்பிப் பூட்ட வேண்டும். தண்டைச் சுழற்றிப் பார்த்து, கன்னின் முனை அந்த நிப்பிளுக்கு எட்டுகிறதா என்பதையும், கப்பு கழலாமல் பிடிக்கும் சர்க்ளிப்பை மாட்டுவதற்கு முன்பாகவே சோதித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு இஞ்சின் ஆயில் மாற்றும்போதெல்லாம் ஒருமுறையும், தண்ணீரில் முழுகிய ஒவ்வொரு நாளும் ஒருமுறையும், நான்கு கப்பிலும் புதுக் கிரீஸ் தெரியும்வரை அடித்து வந்தால் போதும்.